நகையும் இழவும்: தொலைக்காட்சிக் கொலை நகைச்சுவை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சாவு வீட்டில் சிரித்தல் ஆகாது என்பது எல்லார்க்கும் உடன்பாடான ஒழுக்கம். ஆயினும், இழவுக்கு வந்தோர் இரவெல்லாம் திண்ணையில் விழித்திருந்து, இறந்தவருடைய குறும்புகளையும் பிடிவாதங்களையும் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து சிரித்தலையும், சிரித்த வாயை மூடுமுன் கண் கலங்குதலையும் நாம் கண்டிருக்கின்றோம். அச்சிரிப்பு இறந்தவரை இகழ்வதன்று. அவரை இழந்தோம் என்னும் உணர்விலிருந்தே பிறப்பது. தெருவிற் செல்லும் பிணத்தைக் கண்டு ஒருவன் சிரிப்பானாயின், அவனை நாம் மதிப்பதில்லை. இரண்டும் சாவின் அருகே எழும் சிரிப்புகளே. எனினும் இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. அத்தொலைவை ஒரு கலைவகையின் வாயிலாக அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கலைவகை, கொலையையும் துப்பறிதலையும் நகைச்சுவையையும் ஒருங்கு பிணைத்துச் செல்லும் தொலைக்காட்சித் தொடராகும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இந்நூற்றாண்டில் இவ்வகை பெரிதும் வளர்ந்துள்ளது. இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார் உளர். பொழுதுபோக்கே ஆயினும், கொல்லப்பட்ட ஒருவன் உடலைக் காட்டிய மறுகணமே காண்போரைச் சிரிக்க வைக்கும் கலை, கலைஞனையும் காண்போரையும் ஒரு வினாவின் முன் நிறுத்துகின்றது. கொலையுண்டவனை வைத்துச் சிரிப்பதற்கு நமக்கு யாது உரிமை என்பதே அவ்வினா. அமெரிக்க நாட்டு ஹுலு நிறுவனம் 2021 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் 'ஒன்லி மர்டர்ஸ் இன் த பில்டிங்' என்னும் தொடரைச் சிறப்பாகவும், அதற்கு முற்பட்ட இரண்டு ஆக்கங்களைத் துணையாகவும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

முரண் பற்றிய முன்னோர் கருத்து

நகையும் அவலமும் ஒன்றையொன்று பொறா என்பது பழைய நூலோர் பலர்க்கும் கருத்து. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், நகைக்கத்தக்கது ஒரு பிழை அல்லது கோணல் என்றும், ஆனால் அது துன்பமோ அழிவோ விளைக்காததாக இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தார். நகைநாடகத்தின் முகமூடி கோணலுற்றதாயினும் நோவைக் காட்டுவதன்று என்பது அவர் தந்த சான்று. இவ்வரையறையின்படி கொலை, நகையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வடமொழி அலங்கார நூலாருள்ளும் விசுவநாதர் முதலியோர், நகைச்சுவைக்கு அவலமும் அச்சமும் பகை என்று வகுத்துரைத்தனர்.

பகைச்சுவைகள் ஓரிடத்து வரின் அவற்றை இசைவிக்கும் வழி யாது? இவ்வினாவை எழுப்பி விடையும் கூறியவர் ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர். அவர் கூறும் வழிகளுள் இரண்டு ஈண்டு நமக்கு வேண்டுவன. ஒன்று, பகைச்சுவைகளை வெவ்வேறு நிலைக்களன்களில் வைத்தல். ஒருவன்பால் ஒரு சுவையும் மற்றொருவன்பால் அதன் பகைச்சுவையும் தோன்றின் முரண் நீங்கும். மற்றொன்று, இரண்டற்கும் இடையே இரண்டோடும் பகையில்லாத வேறொரு சுவையை வைத்தல். பகைவர் இருவர் நடுவே இருவர்க்கும் நண்பனான ஒருவன் அமர்வது போன்றது இது.

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள் கூறியிருப்பது யாவரும் அறிந்ததே. நகையின் களன்களுள் பேதைமையும் மடனும் அடங்கும். எள்ளலும் இளமையும் ஏனையவை. அழுகையின் களன்களுள் ஒன்று இழவு. மருட்கைக்கோ புதுமையும் பெருமையும் போல்வன களன்கள். இவ்வகைப்பாடு தமிழ்ச் செய்யுளுக்கு உரியது. அயல்நாட்டுத் தொடருக்கு இலக்கணமாக இயற்றப்பட்டதன்று. ஆயினும் மெய்ப்பாடு மாந்தர்க்கெல்லாம் பொதுவாகலின், இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் தவறாகாது. நகைக்கும் இழவுக்கும் இடையே மருட்கையை வைத்தல் என்பதே கொலை நகைச்சுவையின் அமைப்பு என்பது நம் கருத்து. 'யார் கொன்றார், எவ்வாறு கொன்றார்' என்னும் புதிர் வியப்பைத் தருவது. அவ்வியப்பு நகையோடும் பகையாது; அழுகையோடும் பகையாது. எனவே அது பாலமாகின்றது. பாலத்தின் மேல் நின்றுவிடுவதோ, அதனைக் கடந்து அக்கரை சேர்வதோ ஆசிரியன் கையில் உள்ளது. இதுவே இவ்வகை ஆக்கங்களின் தரத்தை அறுதியிடும் என்க.

பிழை என்னும் பொதுவேர்

இனி, துப்பறிதலும் நகையும் இத்துணை எளிதாக இணைவதற்குக் காரணம் யாது என்று நோக்குவோம். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருப்பதே காரணம். பிழையே அவ்வேர். துப்பறியும் கதை தவறான ஊகங்களால் நடப்பது. முதலில் ஐயுற்றவனே உண்மையில் கொலையாளியாயின் கதை அங்கேயே முடிந்துவிடும். நகைநாடகமும் அவ்வாறே. ஒன்றை மற்றொன்றாகக் கருதும் மயக்கம் இன்றேல் அஃது இல்லை. ஆகவே துப்பறிவோன் செய்யும் பிழை ஒன்றே ஒருபுறம் புதிரை நீட்டிக்கின்றது. மறுபுறம் சிரிப்பை விளைக்கின்றது.

மடன் என்பதற்கு உரையாசிரியர் கூறும் பொருள் ஈண்டு நினைக்கத்தக்கது. தன் மனத்தில் ஏறிய ஒன்றைப் பின்னர் எளிதில் கைவிடாமையே மடன் என்பர். 'ஒன்லி மர்டர்ஸ்' தொடரின் தலைமக்கள் மூவரும் இத்தகையோர். தம் கட்டடத்திலேயே வாழும் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஸ்டிங் கொலையாளி எனத் துணிவர். அது பொய்த்த பின்னர்த் தமக்குப் பொருளுதவி செய்தவரையே குற்றவாளி என உலகறிய உரைப்பர். அதுவும் பொய்க்கும். உண்மையான கொலையாளியோ அவர்களுள் ஒருவரின் காதலியாக, அவர்தம் உணவு மேசையிலேயே அமர்ந்திருப்பாள். இது பேதைமை. மடனும் பேதைமையும் தேடுவோர்பால் நிற்க, இழவு இறந்தவன்பால் நிற்கின்றது. நிலைக்களன் வேறுபடுதலின் சிரிப்பு, பிணத்தின் மேல் விழாமல் தேடுவோர் மேல் விழுகின்றது. இவ்வகையின் முதல் நெறி இதுவே.

முன்னோடிகள் இரண்டு

இந்நெறியைப் பின்பற்றாத ஆக்கங்களும் உள. ஜோசப் கெசல்ரிங் இயற்றி, 1941 ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் அரங்கேறிய 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' என்னும் நாடகம் அவற்றுள் ஒன்று. ஃபிராங்க் காப்ரா இதனைத் திரைப்படமாக்க, அது 1944 இல் வெளிவந்தது. புரூக்ளின் பகுதியில் வாழும் அன்பே உருவான மூதாட்டியர் இருவர், உற்றார் உறவினர் இல்லாத முதியோரைப் பழச்சாறு மதுவில் நஞ்சு கலந்து கொன்று, வீட்டின் நிலவறையில் முறைப்படி புதைக்கின்றனர். தனிமைத் துயரிலிருந்து அவர்களை விடுவிப்பதாக எண்ணுகின்றனர். பன்னிருவர் இவ்வாறு மாண்டும், நாம் அழுவதில்லை. ஏன்? இறந்தோர்க்கு முகம் இல்லை, வரலாறு இல்லை, அவர்தம் சாவை அறிந்து வாடுவாரும் இல்லை. கதையிற் கொலையாளிகள் உறவற்றோரையே தேர்ந்து கொல்கின்றனர். ஆசிரியரும் தம் நகைக்கு இடையூறு நேராவண்ணம் உறவற்றோரையே தேர்ந்து சாகவைக்கின்றார். அழுவார் இன்மையின் இழவு என்னும் களனே இல்லாது போயிற்று. நாடகம் மிகச் சிறந்த கேலிநாடகம், அதில் ஐயமில்லை. எனினும் அது பாலத்தை அமைக்கவில்லை. ஒரு கரையையே நீக்கிவிட்டது.

அடுத்தது, 2002 முதல் 2009 வரை எட்டுப் பருவங்களாக வெளிவந்த 'மங்க்' என்னும் தொலைக்காட்சித் தொடர். இதில் டோனி ஷலூப் நடித்த ஏட்ரியன் மங்க், சான்பிரான்சிசுக்கோ நகரத்து முன்னாள் காவல்துறைத் துப்பறிவாளர். அழுக்கையும் உயரத்தையும் கூட்டத்தையும் கண்டு அஞ்சுவார். பொருள்கள் வரிசை மாறியிருப்பின் அமைதி கொள்ளார். இந்நோயே தொடரின் நகைக்கு ஊற்று. ஈண்டு ஓர் இடர் உண்டு. தொல்காப்பியனார் மூப்பையும் பிணியையும் நகையின்கண் வைக்கவில்லை, இளிவரலின்கண் வைத்தார். பிணியுற்றோனைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு இளிவரலுக்குள் வழுக்கி விழும் தன்மையது என்னும் நுட்பம் அப்பகுப்பினுள் அடங்கியிருக்கின்றது.

'மங்க்' அவ்வீழ்ச்சியினின்று தப்பியது ஓர் இழவினால். மங்கின் மனைவி துரூடி, காரில் வைக்கப்பட்ட வெடிகுண்டினால் கொல்லப்பட்டவள். நகரத்தின் ஏனைய கொலைகளையெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் தெளிவிக்கும் அவர், தம் வாழ்வைச் சிதைத்த அவ்வொரு கொலையை ஆண்டுக்கணக்கில் தெளிய மாட்டாதவராக இருக்கின்றார். 2009 டிசம்பரில் வெளியான இறுதிப் பகுதியிலேயே அம்முடிச்சு அவிழ்கின்றது. ஆகவே ஒழுங்கின் மேல் அவர்க்குள்ள வெறி வெறும் கோணலன்று. ஒழுங்கு குலைந்த உலகத்தில் எஞ்சிய சிறு பொருள்களையாவது நேர்படுத்த முயலும் துயரின் வடிவம் என்று நமக்குப் புலனாகின்றது. ஆயினும் இத்தொடரில் சாவு இருவகைப்பட்டது. துரூடியின் சாவு மறவாத சாவு. வாரந்தோறும் நிகழும் சாவோ மறக்கப்படுவது. வாரத்துக்கு ஒருவராக இறந்தோர் புதிரின் பொருட்டுப் பிறந்து புதிரோடு முடிந்தவர்கள். இவ்விரு வகையையும் ஒன்றாக்கும் பணி பின்வந்த தொடருக்கு எஞ்சியது.

ஆர்க்கோனியாவின் மாந்தர்

'ஒன்லி மர்டர்ஸ் இன் த பில்டிங்' தொடரை நடிகர் ஸ்டீவ் மார்ட்டினும் ஜான் ஹாஃப்மனும் படைத்தனர். முதற் பருவம் பத்துப் பகுதிகளை உடையது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரத்தது. கதை நிகழிடம் நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் உள்ள ஆர்க்கோனியா என்னும் அடுக்குமாடிக் கட்டடம். இப்பெயர் கற்பனை. புறத்தோற்றத்துக்குப் பயன்பட்டது, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்த பெல்நார்ட் என்னும் உண்மைக் கட்டடம். நடுவே பெரிய முற்றமும் சுற்றிலும் இல்லங்களும் கொண்ட அமைப்பு அது. எல்லாரும் எல்லாருடைய சாளரத்தையும் காணலாம். ஒருவரும் ஒருவரையும் அறிவதில்லை. இத்தொடரின் கருப்பொருள் அக்கட்டடத்தின் வடிவத்திலேயே அமைந்துவிட்டது.

மூவர் தலைமக்கள். முன்னொரு காலத்தில் தொலைக்காட்சியில் துப்பறிவாளராக நடித்துப் புகழ்பெற்றுப் பின் மங்கிப்போன சார்லஸ். தோல்வியாலும் கடனாலும் நொந்த நாடக இயக்குநர் ஆலிவர். தன் அத்தையின் இல்லத்தில் தனித்து வாழும் இளம்பெண் மேபல். முறையே ஸ்டீவ் மார்ட்டினும் மார்ட்டின் ஷார்ட்டும் செலினா கோமஸும் இவர்களாக நடித்துள்ளனர். மூவர்க்கும் பொதுவானது ஒன்றே. உண்மைக் கொலைகளைக் கதைபோல் எடுத்துரைக்கும் பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர் ஒன்றுக்கு மூவரும் அடிமைகள். தீ எச்சரிக்கை மணி ஒலிக்க, குடியிருப்போர் வெளியேற்றப்பட்ட ஓரிரவில், உணவகம் ஒன்றில் அவர்கள் இதனைத் தம்முள் அறிந்து கொள்கின்றனர். அவ்விரவே டிம் கோனோ என்னும் இளைஞன் தன் அறையில் குண்டு பாய்ந்து இறந்து கிடக்கின்றான். காவலர் தற்கொலை என முடிவு கட்டுகின்றனர். மூவரோ கொலை என ஐயுற்றுத் தாமே ஓர் ஒலித்தொடரைத் தொடங்கிவிடுகின்றனர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2014 ஆம் ஆண்டு வெளிவந்த 'சீரியல்' என்னும் ஒலித்தொடர், 1999 இல் பால்டிமோர் பகுதியில் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கை வாரந்தோறும் எடுத்துரைத்துப் பெருவழக்குப் பெற்றது. அதன் பின்னர் இத்தகையன பல்கின. ஒருவர் வீட்டில் நிகழ்ந்த உண்மையான இழவு, மற்றொருவர் காதுக்கு இரவுணவின் துணையாயிற்று. 'ஒன்லி மர்டர்ஸ்' தொடரின் எள்ளல் இப்பழக்கத்தையே குறித்தது. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்று பேராசிரியர் விளக்குவர். இத்தொடர் இரண்டாம் வகையைச் சார்ந்தது. கொலைக் கதை கேட்போரை எள்ளும் இத்தொடரும் ஒரு கொலைக் கதையே. அதனைக் காணும் நாமும் எள்ளப்படுவோருள் அடங்குகின்றோம்.

டிம் கோனோவுக்கு நிகழும் இரங்கற் கூட்டம் இதற்குத் தக்க சான்று. அங்கு வந்தோர் அவனைப் புகழ்வதில்லை. அவனால் நேர்ந்த தொல்லைகளையே எடுத்துரைக்கின்றனர். அதே நாளில் இறந்துபோன அண்டை வீட்டாரின் பூனைக்குக் கிடைக்கும் இரக்கம்கூட அவனுக்குக் கிடைப்பதில்லை. நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்பின் அடியில் ஓர் ஏமாற்றம் வைக்கப்பட்டிருப்பதை அப்போது அறியோம். பின்னர், மேபல் அவனை முன்பே அறிந்தவள் என்பதும், சிறுவயதில் அக்கட்டடத்திலேயே உடன் விளையாடிய நால்வருள் அவர்கள் இருவர் என்பதும், மற்றொரு தோழியின் சாவுக்குக் காரணமானவரைக் கண்டறியவே டிம் பல்லாண்டு தனித்து உழைத்தான் என்பதும் வெளிப்படுகின்றன. எல்லாரும் வெறுத்த அவ்விளைஞனும் ஒரு துப்பறிவோனே. அவனுக்குத் துணைதான் இல்லை. இரங்கற் கூட்டத்தில் நாம் சிரித்த சிரிப்பு இப்போது நம்மையே சுடுகின்றது.

இழவு என்பது உரிமை பற்றியது. உறவில்லாதவன் சாவு செய்தி. உறவுடையவன் சாவே இழவு. துப்பறிதல் என்னும் தொழில் இத்தொடரில் ஆற்றும் உண்மைப் பணி கொலையாளியைக் காட்டுதல் மட்டுமன்று; இறந்தவனோடு நமக்கு உறவு உண்டாக்குதலே. அவன் என்ன உண்டான், எதனை அஞ்சினான், யாரை நேசித்தான் என்று தேடித் தேடி அறிந்த பின்னர் அவன் அயலான் அல்லன். மருட்கையாகிய பாலம் அக்கரை சேர்ந்ததற்கு இதுவே அடையாளம்.

முதற் பருவத்தின் ஏழாம் பகுதி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. செவிப்புலன் அற்ற தியோ என்பான் நோக்கில் செல்லும் அப்பகுதியில் பேச்சு ஏறத்தாழ இல்லை. வாய்ச்சொல்லால் ஓயாது நகை விளைத்த தொடர் திடீரென வாய் மூடுகின்றது. நகை ஒழிந்த அவ்வமைதியில், பழைய சாவு ஒன்றன் உண்மை நமக்குக் காட்சியாக விரிகின்றது. சுவை மாற்றத்துக்கு வேண்டிய இடைவெளியை ஆசிரியர் ஒலியை நீக்கிப் பெற்றார்.

இறந்தோரிடமிருந்து கவர்தல்

தியோவும் அவன் தந்தை டெடி டிமாஸும் இறந்தோர் உடல்களிலிருந்து அணிகலன்களைக் கவர்ந்து விற்பவர்கள் என்பது அப்பகுதியில் வெளிப்படும் செய்தி. டெடியே மூவரின் ஒலித்தொடருக்குப் பணம் அளித்தவர். ஆகவே இறந்தோரிடமிருந்து கவர்ந்த பொருளில், இறந்தான் ஒருவனைப் பற்றிய கேளிக்கை நடந்திருக்கின்றது. நகை என்னும் சொல் தமிழில் சிரிப்பையும் அணியையும் ஒருங்கே குறிப்பது. ஆங்கிலத்தில் இச்சொல்லொற்றுமை இல்லை. தொடரின் ஆசிரியர் இதனை அறிந்திருக்க வழியுமில்லை. ஆயினும் தமிழறிந்தார் இக்காட்சியைக் காணும்போது கதையின் உட்பொருள் ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும். டெடி கவர்வது ஒருவகை நகை. மூவர் கவர்வது மற்றொருவகை நகை. இருசாராரும் பிணத்தினின்றே எடுக்கின்றனர். வேறுபாடு, எடுத்ததற்கு ஈடாக எதையேனும் திருப்பித் தந்தனரா என்பதில்தான் உள்ளது.

இக்கருத்து பின்வந்த பருவங்களிலும் தொடர்வதைக் காணலாம். 2022 இல் வெளிவந்த இரண்டாம் பருவத்தில் பன்னி ஃபோல்கர் என்னும் மூதாட்டியைக் கொன்றவள், ஒலித்தொடர் நிறுவனம் ஒன்றின் உதவியாளர். பேசத்தக்க கொலை ஒன்று வேண்டும் என்னும் பேராசை அவளை உந்தியது. 2024 இல் வெளிவந்த நான்காம் பருவத்திலோ, இறந்தவள் எழுதிய திரைக்கதையைக் கவர்ந்து தன்னுடையதாக்கிக் கொண்டவனே கொலையாளி. அணிகலன், கேட்போர் கூட்டம், கதை எனக் கவரப்படும் பொருள் மாறினும் குற்றத்தின் இயல்பு மாறவில்லை. பிறர் சாவைத் தன் ஆக்கமாக்கிக் கொள்ளுதலே அஃது. கொலை நகைச்சுவை தன்மேல் சாட்டத்தக்க குற்றத்தையே தன் கொலையாளிகள்மேல் ஏற்றிக் காட்டியது இத்தொடரின் தனிச்சிறப்பு எனலாம்.

ஈடு செலுத்துதலுக்குச் சிறந்த சான்று பன்னியின் கதை. முதற் பருவத்தில் அவள் குடியிருப்போர் கழகத்தின் தலைவி, கடுஞ்சொல்லினள், கடன் செலுத்தாதாரை வெளியேற்ற முனைபவள். அவள் வருந்தோறும் நாம் எள்ளிச் சிரித்தோம். அவள் கொல்லப்பட்ட பின்னர், இரண்டாம் பருவத்தின் மூன்றாம் பகுதி அவளுடைய இறுதி நாளை மட்டுமே காட்டுகின்றது. பதவியை விட்டு நீங்க வேண்டிய நாள் அது. கிளியன்றி வீட்டில் துணையில்லாத அம்மூதாட்டி, வழக்கு முடிந்த களிப்பில் இருந்த மூவரின் வாயிலுக்கு ஒரு புட்டி மதுவோடு வருகின்றாள். அவர்கள் அவளை உள்ளே அழைக்கவில்லை. உள்ளே அழைத்திருக்கலாமோ என்னும் எண்ணம் அவள் சென்ற பின்னரே எழுகின்றது. அன்றிரவே அவள் இறக்கின்றாள். ஈண்டு நாம் அழுவது கொலைக்காக மட்டுமன்று. திறவாத ஒரு கதவுக்காகவும் ஆகும். அம்மூவரோடு சேர்ந்து ஒரு பருவம் முழுவதும் அவளை நோக்கிச் சிரித்தவர்கள் நாம். எனவே அக்கதவை அடைத்தவர்களுள் நாமும் ஒருவராகின்றோம்.

அடிபடும் உடல்

நகைச்சுவையில் வீழ்வோர்க்கு வலிப்பதில்லை என்பது மரபு. முதற் பருவத்தின் முடிவில் சார்லஸ் நஞ்சூட்டப்படுகின்றார். நாவும் கைகால்களும் தளர்ந்து, தரையில் ஊர்ந்து மின்தூக்கிக்குள் புகும் அக்காட்சி சாவின் விளிம்பில் நிகழ்வது. எனினும் காண்போர் சிரிப்பர். ஸ்டீவ் மார்ட்டினின் உடல் நடிப்பு அத்தகையது. அச்சமும் நகையும் ஈண்டு ஒரே உடலில், ஒரே கணத்தில் நிற்கின்றன. ஆனந்தவர்த்தனர் விதித்த இடைவெளி இங்கில்லை என்று தடை எழலாம். சார்லஸ் பிழைப்பார் என்னும் நம்பிக்கையே ஈண்டு இடைவெளியின் வேலையைச் செய்கின்றது என்பது விடை. தலைமகன் சாவதில்லை என்னும் மரபை அறிந்தமையால் அரிஸ்டாட்டில் வேண்டிய வலியின்மை நமக்குக் கிட்டுகின்றது.

அவ்வாறாயின் வலி எங்கே போயிற்று? இதற்கு விடையாக அமைந்தாள் சாஸ் பட்டாக்கி. ஜேன் லிஞ்ச் நடித்த இப்பாத்திரம், சார்லஸ் நடித்த பழைய தொடரில் அவருக்காக விழுந்தும் அடிபட்டும் பணியாற்றிய 'டூப்'. நடிகர் மேல் படாத அடியெல்லாம் பட்ட உடல் அவளுடையது. திரையில் வலியில்லாத வீழ்ச்சிக்குப் பின்னே வலியேற்ற ஒருவர் உளர் என்பதை நாம் நினைப்பதில்லை. மூன்றாம் பருவத்தின் ஈற்றில், சார்லஸின் இல்லத்தில், அவரைப் போன்ற உடையிலேயே அவள் சுட்டுக் கொல்லப்படுகின்றாள். நான்காம் பருவம் முழுவதும் சார்லஸின் நினைவில் அவள் வந்து வந்து செல்கின்றாள். முதற் பருவத்தில் இறந்தவன் அயலான். இரண்டாம் பருவத்தில் இறந்தவள் வெறுக்கப்பட்ட அண்டைவீட்டாள். நான்காம் பருவத்தில் இறந்தவளோ உயிர்த்தோழி. 2025 இல் வெளிவந்த ஐந்தாம் பருவத்தில், நாள்தோறும் கதவு திறந்துவிட்ட வாயிற்காவலர் லெஸ்டர். இறந்தோர் படிப்படியாக அணிமைப்படுவதனால், நகை சுருங்காமலே இழவு பெருகுகின்றது.

குறைகள்

இத்தொடர் குறையற்றது என்று கூறுதல் ஆய்வாகாது. 2023 இல் வெளிவந்த மூன்றாம் பருவத்தில் இறப்பவன் பென் கிளென்ராய் என்னும் நடிகன். செருக்கும் சிறுமையும் மிக்கவனாகவே அவன் பெரும்பாலும் காட்டப்படுகின்றான்; அவனோடு நமக்கு உறவு உண்டாகவில்லை. அப்பருவத்தின் உணர்ச்சியெல்லாம் தாயர் இருவரிடம் சென்றுவிட்டது. ஒருத்தி மகனுக்காகச் செய்யாத கொலையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கின்றாள். மற்றொருத்தி மகனுக்காக நஞ்சு கலக்கின்றாள். இம்முரண் அழகியது. மெரில் ஸ்ட்ரீப்பின் நடிப்பும் உயர்ந்தது. எனினும் இறந்தவன் இவற்றுக்கு ஏதுவாக நின்றானேயன்றி, இழக்கப்பட்டவனாக நிற்கவில்லை. பாலத்தின் மேலேயே விழா நடந்தது. அக்கரைக்கு யாரும் செல்லவில்லை.

மற்றொரு குறை அமைப்பைச் சார்ந்தது. முதல் நான்கு பருவங்களும் ஈற்றில் ஒரு புதிய பிணத்தைக் காட்டியே முடிகின்றன. அடுத்த ஆண்டும் காண்போரை ஈர்த்தல் வேண்டும் என்னும் வணிகத் தேவை இதற்குக் காரணமாதல் கூடும். ஒரு துயரை முழுமையாகத் துய்க்குமுன் மற்றொரு துயர் வாயிலில் வந்து நிற்பின், முன்னதன் மதிப்பு குறைகின்றது. காடாற்றும் முன்னர் அடுத்த பாடை கட்டத் தொடங்குவது போன்றது இது. மறக்கப்படும் சாவு கூடாதென்று முயன்ற தொடரே, தன் ஈற்றினால் மறதியைத் தூண்டுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. நகையும் இழவும் பகைச்சுவைகளாயினும், மருட்கை இடைநிற்க அவை ஒன்றுதல் இயலும். சிரிப்பு தேடுவோரின் பிழை மேல் விழுதல் வேண்டும். இறந்தோர் மேல் விழின் அது இளிவரலாகும். புதிரின் விடை கொலையாளியின் பெயரோடு நில்லாமல், இறந்தவரை நமக்கு உறவாக்குதல் வேண்டும். 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' உறவை நீக்கி நகையைக் காத்தது. 'மங்க்' ஓர் உறவை மட்டும் காத்து ஏனையவற்றை மறந்தது. 'ஒன்லி மர்டர்ஸ்' தன் சிறந்த பகுதிகளில் அயலார் ஒவ்வொருவரையும் உறவாக்க முயன்று, அம்முயற்சியில் பெரிதும் வெற்றி கண்டது.

கொலையுண்டவரை வைத்துச் சிரிக்க நமக்கு யாது உரிமை என்று தொடக்கத்தில் வினவினோம். இறுதியில் அழ ஆயத்தமாக உள்ளவனுக்கே அவ்வுரிமை உண்டு என்பது நம் விடை. இழவு வீட்டின் திண்ணையில் சிரிப்பவன் விடியுமுன் அழுதுவிடுவான் என்பதனாலேயே அவன் சிரிப்பை ஊரார் பொறுத்துக் கொள்கின்றனர்.